சீகிரியாவும் எங்கள் வீட்டு முகப்பும்

சென்ற கோடை விடுமுறையில் நான் சீகிரியாவுக்குப் புறப்பட்டபோது பெட்டியோடு ஒரு வழக்கும் கூடவே வந்தது. வழக்கு என்றவுடன் வக்கீல், வாய்தா என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இது வீட்டு வழக்கு. வாதி என் அண்ணன் மகன், பிரதிவாதி நான், நீதிபதியின் ஸ்தானத்தில் எண்பது வயது நிரம்பிய என் தாயார். வழக்குக்குரிய சொத்து, புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீதி ஒன்றிலுள்ள எங்கள் பூர்விக வீட்டின் முகப்பு.

அந்த முகப்பைச் சற்று விவரித்தால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும். கீழ்த்தளம் முழுவதும் நம் நாட்டு முறை. வாசலுக்கு இருபுறமும் திண்ணை; அதற்கு மேல் நான்கு மரத்தூண்கள் தாங்கிய, ஓடு வேய்ந்த தாழ்வாரம்; நடுவே சித்திர வேலைப்பாடு அமைந்த கதவு. உள்ளே நுழைந்தால் நடை, அதற்கப்பால் முற்றம். நிமிர்ந்து மாடியைப் பார்த்தாலோ வேறு தேசம்! மூன்று அரைவட்ட வளைவுகள்; அவற்றின் இடையே சுவரோடு ஒட்டி இரட்டை இரட்டையாக எழும் தூண்கள்; சாய்வான பலகைகள் கோத்த பச்சை நிறச் சன்னல் கதவுகள்; உச்சியில் குட்டித் தூண்களை வரிசையாக நிறுத்திவைத்தாற்போன்ற கைப்பிடிச் சுவர். பிரெஞ்சு ஆட்சியில் நொத்தேர் ஒருவரிடம் எழுத்தராக இருந்த என் கொள்ளுப்பாட்டனார், கையில் நாலு காசு சேர்ந்ததும் எடுத்த மாடி அது. வேட்டியின் மேல் கோட்டும் அணிந்துகொண்டு அலுவலகம் சென்ற அக்காலத்து உத்தியோகஸ்தரைப் போலவே அவருடைய வீடும் நிற்கிறது. கேலிக்குரிய காட்சி என்று யாரும் நினைத்ததில்லை. பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இருந்தது என்றும் சொல்லலாம். பத்து ஆண்டுகளாகக் கீழ்ச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. மாடி வளைவு ஒன்றில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். இந்த நிலையில்தான் அண்ணன் மகன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தான்.

திண்ணை, தாழ்வாரம் இரண்டையும் எடுத்துவிடுவது. அந்த இடத்தில் தரையிலிருந்து மாடி உச்சிவரை நான்கு பெரிய சிமெண்டுத் தூண்கள். பழைய கதவுக்குப் பதிலாக மோட்டார் வண்டி நுழையும்படி இரும்புக் கதவு. சுவர் முழுவதும் கடுகுமஞ்சள் வர்ணம், ஓரங்களில் வெள்ளைக் கோடு. வாசலில் பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர்ப்பலகை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் "பிரெஞ்சு வீடு" என்றால் இரண்டு மடங்கு வாடகை கொடுக்கிறார்களாம். வீடு தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்றான். பையன் பேராசைக்காரன் அல்லன். பழைய வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும் என்பதை என்னைவிட நன்றாக உணர்ந்தவன். ஆகவே அவனை வெறுமனே கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"திண்ணையை இடிப்பது பாவமடா" என்று மட்டும் சொன்னேன்.

"சித்தப்பா, கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் செய்ததைத்தானே நான் இந்தக் காலத்தில் செய்கிறேன்? அவர் மாடியை மாற்றினார். நான் கீழ்த்தளத்தை மாற்றுகிறேன். அவர் செய்தால் கலை, நான் செய்தால் பாவமா?" என்றான்.

கல்லூரியில் இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்று சொல்லித் தப்புவது எங்கள் தொழிலின் ரகசியம். அவ்வாறே, "இலங்கைக்குப் போய் வந்து பேசுவோம்" என்று ஒத்திவைத்தேன். அவனும் கூடவே புறப்பட்டுவிட்டான்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்று ஓரிரவு தங்கி, மறுநாள் மாத்தளை வழியாக வடக்கே பயணமானோம். மாத்தளை நகரில் பெருந்தெருவின் மீதே முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் வண்ணமயமாக எழுந்து நிற்கிறது. அம்மனை வணங்கிவிட்டு மேலே சென்றோம். மலையும் ரப்பர் மரங்களும் மெல்ல மெல்லப் பின்தங்க, காற்று வறண்டது. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், பிரதான சாலையிலிருந்து சற்று விலகிய ஒரு கிளை வழியில் நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் இருப்பதாக, மாத்தளையில் எங்களுடன் சேர்ந்துகொண்ட தமிழ் வழிகாட்டி கூறினார். "பத்து நிமிஷம்தான் ஐயா, பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. ஏரிக் கரையில் தனியே நிற்கும் சிறிய கட்டடம் அது. மாமல்லபுரத்தை அறிந்த எவரும் அதைக் கண்டவுடன் ஊர்க்காரரைக் கண்டதுபோல் திடுக்கிடுவர். கூடு வடிவ வளைவுகள், கல்லில் கட்டிய விமானம், தூண் வைத்த சிறு மண்டபம் எல்லாம் பல்லவ நாட்டுப் பாணி. ஆனால் அது பௌத்தர்களின் வழிபாட்டிடம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். பக்கத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, தண்ணீரில் மூழ்காதபடி கல் கல்லாகப் பிரித்து எடுத்து மேட்டில் மீண்டும் அடுக்கினார்களாம்.

அண்ணன் மகனின் முகத்தில் வெற்றிப் புன்னகை. "பார்த்தீர்களா சித்தப்பா? வெளிப்புறம் தமிழ்நாடு, உள்ளே புத்தர். இதை யாரும் குறை சொல்லவில்லையே!" என்றான். பிரதிவாதிக்கு முதல் தோல்வி. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்புள்ளையைத் தாண்டி, இனாமலுவை என்னும் சந்தியில் கிழக்கே திரும்பியதும் காட்டின் நடுவே சீகிரியா தென்பட்டது. சமதரையிலிருந்து சுமார் 600 அடி உயரத்துக்கு ஒரே பாறை, நாற்புறமும் செங்குத்து, உச்சி மட்டும் தட்டை. கர்ப்பக்கிருகத்து லிங்கம்போல நின்றது என்று எழுத ஆசைதான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தோன்றியது, மூடிவைத்த பெரிய அரிசிப் பானை!

இந்தப் பாறையை அரண்மனையாக்கியவன் முதலாம் காசியப்பன். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன். முறைப்படி அரசுக்குரிய தம்பி மொக்கல்லானன் இந்தியாவுக்குத் தப்பியோடி, படை திரட்டி வரக் காத்திருந்தான். அந்த அச்சத்தால் காசியப்பன் அனுராதபுரத்தை விட்டு இங்கு வந்து குடியேறினான் என்று சூளவம்சம் கூறுகிறது. அவன் ஆண்ட காலம் கி.பி. 477 முதல் 495 வரை. பதினெட்டே ஆண்டுகள்! அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அகழி, மதில், தோட்டம், நீரூற்று, சித்திரம், சிங்கவாயில், உச்சியில் மாளிகை, பாறையில் வெட்டிய குளம் எல்லாம் எழுந்தன. தம்பி வந்தான்; போரில் அண்ணன் மாண்டான்; பாறை துறவிகளுக்கு உரியதாயிற்று. யுனெஸ்கோ 1982ஆம் ஆண்டு இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அதிகாலையிலேயே மேற்கு வாயிலில் நுழைந்தோம். வெயில் ஏறினால் பாறை சுடும்; அன்றியும் குளவிகள் கிளம்பினால் ஏறுகிறவர்கள் இறங்க வேண்டியதுதான். முதலில் வருவது நீர்த்தோட்டம். நேர்கோட்டு நடுப்பாதை, அதன் இருபுறமும் கண்ணாடியில் பிரதிபலித்தாற்போல் ஒன்றுக்கொன்று ஈடான குளங்கள். துளையிட்ட வட்டக் கற்களே நீரூற்றுகள். உயர்ந்த இடத்து நீரின் அழுத்தத்தால் மட்டுமே இயங்கும் இவை, நல்ல மழைக் காலத்தில் இன்றும் பீறிடுகின்றன என்றார் வழிகாட்டி. நாங்கள் போனபோது மழை இல்லை. அவர் சொல்லை நம்பினோம்.

அளவுகோல் வைத்து வரைந்த இந்த ஒழுங்கு, பாறையின் அடிவாரத்தை நெருங்கியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கிருந்து தொடங்குவது பாறைத் தோட்டம். யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் கிடக்கும் பெரும்பாறைகளின் நடுவே பாதை வளைந்து வளைந்து செல்கிறது. நேர்கோடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பாறையின் மேலும் படிப்படியாக, பள்ளம் பள்ளமாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, இவை என்ன என்று கேட்டேன்.

"அது செங்கல் சுவர் உட்காரவும் மரச்சட்டம் பொருந்தவும் வெட்டினது ஐயா. ஒவ்வொரு கல் மேலேயும் ஒரு கட்டடம் இருந்தது" என்றார்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நகரையே எழுப்பிய அரசனுக்கு இந்தப் பாறைகளை உடைத்து நிரவி, நீர்த்தோட்டத்தின் நேர்கோட்டை அடிவாரம்வரை நீட்டுவது பெரிய காரியமா? செய்யவில்லை. இருக்கிற கல் இருந்தபடியே இருக்க, அதில் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் வெட்டி, அதன் மேல் தன் விருப்பத்தைக் கட்டினான். தோட்டத்தின் ஒரு பாதி அவன் சொற்படி. மறுபாதி பாறையின் சொற்படி. உடனே என் நினைவு எங்கே போயிற்று என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

புதுச்சேரியின் கதையை இங்கே நாலு வார்த்தை சொல்ல வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். 1765இல் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபின் பழைய வீதியமைப்பின் மீதே மீண்டும் எழுந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர் வீடுகள். அவை வீதிக்கு முகம் காட்டுவதில்லை. உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால்தான் வீடு. மேற்கே தமிழர் வீடுகளோ வீதியோடு பேசிக்கொண்டிருப்பவை. ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியுமிடத்தில் அடுத்த வீட்டின் தாழ்வாரம் தொடங்கும். வெயிலுக்கு ஒதுங்குகிற வழிப்போக்கன் யார் திண்ணை என்று கேட்டா உட்காருவான்?

இவ்விரு முறைகளும் வாய்க்காலைத் தாண்டி ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன. துய்ப்ளே துரையின் துபாஷியாக விளங்கி, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, பெரிய அங்காடிக்கு அருகே அவர் பெயர் தாங்கிய வீதியிலேயே இருக்கிறது. கீழே செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள். மேலே சுண்ணம் தீட்டிய வெண்ணிறத் தூண்வரிசை. கொள்ளுப்பாட்டனார் போன்ற சிறிய மனிதர்கள் பிற்காலத்தில் தம் சக்திக்கேற்பச் செய்ததும் இதையே. மாடியில் ஐரோப்பியப் பாணி புகுந்தது. கீழே திண்ணை அசையவில்லை. கட்டியவர்களும் நம் கொத்தனார்களே. அந்த வளைவுகளும் பூவேலைகளும் நம் செங்கல்லிலும் நம் சுண்ணாம்பிலும் அவர்கள் கையால் உருவானவை.

இதை அண்ணன் மகனிடம் உடனே சொல்லவில்லை. மலை ஏறும்போது வாதம் செய்தால் மூச்சு வாங்கும்.

இரும்புச் சுழற்படியில் ஏறிச் சித்திரப் பெண்களைக் கண்டோம். பாறைக் குடைவில், மேகத்தினிடையே இடைவரை தோன்றும் உருவங்கள் இருபது அளவில் எஞ்சியுள்ளன. கையில் மலர்த்தட்டு, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வர்ணம். அவற்றைப் புகழ்ந்து எழுதாதவர்கள் இல்லையாகையால் நான் விட்டுவிடுகிறேன். 1967இல் யாரோ ஒரு பாவி இவற்றின் மேல் பச்சை வர்ணத்தை அள்ளிப் பூசிவிட, இத்தாலிய நிபுணர் ஒருவர் வந்து பொறுமையாக அதை நீக்கினார் என்ற செய்தியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

என்னைக் கட்டிப் போட்டது கீழே உள்ள கண்ணாடிச் சுவர். பாறையை ஒட்டிச் செல்லும் நடைபாதைக்கு வெளிப்புறம் அரணாக எழுப்பிய செங்கற்சுவர் அது. ஆளுயரத்துக்கும் மேல். அதன் உட்புறத்தில் சுண்ணாம்புப் பூச்சு பூசி, முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றியிருந்தார்களாம். தேனும் முட்டை வெண்கருவும் சேர்த்த பூச்சு என்பது உள்ளூர் வழக்கு. இன்று முகம் தெரியவில்லை; ஆயினும் பல இடங்களில் தந்தம்போல் பளபளப்பு இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் காற்றையும் மழைச் சாரலையும் தாங்கிய பளபளப்பு! பழங்காலத்தில் வந்தவர்கள் சித்திரப் பெண்களைக் கண்ட பரவசத்தில் இச்சுவரிலேயே பாட்டுகளைக் கீறிவிட்டுப் போனார்கள். பேரறிஞர் சேனரத் பரணவிதான அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். எழுத்துக் கீறியும் பூச்சு உதிரவில்லை என்பதுதான் அன்று என் மனத்தில் நின்றது. எங்கள் வீட்டுச் சுவர் பத்து ஆண்டு தாங்கவில்லையே!

"இதில் சிமெண்டு கிடையாதா?" என்று அண்ணன் மகன் வழிகாட்டியைக் கேட்டான். அவர் சிரித்துவிட்டார்.

சிமெண்டு குற்றமற்ற பொருள். அதை வைக்கும் இடத்தில்தான் குற்றம். எங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரில் அதைப் பூசச் சொன்னது வேறு யாருமல்ல, நானேதான். பழைய காரை உதிர்கிறதே, உறுதியாக இருக்கட்டும் என்று எண்ணிச் செய்தேன். பழைய செங்கற்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். கடலோர ஊராகையால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஆகவே ஈரம் அதன் வழியே ஆவியாக வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது; கூடவே செங்கல்லின் முகமும் பொரிந்து வருகிறது. சுண்ணாம்பின் மற்றொரு குணமும் மாணவர்கள் அறியத் தக்கது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. நீர் ஊற்றினால் அது கொதித்து நீறுகிறது. சுவரில் பூசியபின், இழந்த அந்த வாயுவையே காற்றிலிருந்து சிறுகச் சிறுக உறிஞ்சி மறுபடியும் கல்லாகிவிடுகிறது. இந்தப் பிரயாணம் முடியப் பல ஆண்டுகள் ஆகும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பொருள் அன்று.

வடபுறத்து மேடையை அடைந்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை. செங்கல்லால் கட்டிச் சுதை பூசிய இரண்டு பெரிய சிங்கப் பாதங்கள்; நகங்கள் மட்டுமே ஆளின் அளவு. முன்பு இதற்கு மேல் சிங்கத்தின் தலையும் மார்பும் பாறையோடு ஒட்டி எழுந்திருந்தன. வாயின் வழியாகப் படியேறி அரசனைக் காணச் செல்ல வேண்டும். சிங்ககிரி என்ற பெயரே அதனால் வந்தது. 1898இல் பெல் என்னும் ஆங்கிலேயத் தொல்லியல் ஆணையர் மண்ணை அகற்றியபோது பாதங்கள் வெளிப்பட்டன. தலை இருந்த இடத்தில் இன்று வெறும் பாறையும் அதில் வெட்டிய பள்ளங்களும் இரும்பு ஏணியுமே இருக்கின்றன.

அண்ணன் மகன் பாதத்தின் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசத் தொடங்கும் முன் அவனே கேட்டான்:

"சித்தப்பா, தரையில் நின்ற பாகம் தங்கிவிட்டது, சுவரில் ஒட்டிய பாகம் போய்விட்டது. நம் வரைபடத்தில் இருக்கும் சிமெண்டுத் தூணைப் பழைய சுவரோடு எப்படிப் பிணைப்பது?"

நான் கட்டடக்கலை படித்தவன் அல்லேன். எனினும் வளைவில் விரிசல் விழுந்தபோது பெரியவர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது நினைவிருந்தது. பழைய சுவர், மெல்லிய அச்சுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. பருவத்துக்குப் பருவம் சற்று அசைந்து கொடுக்கும். கான்கிரீட்டுத் தூண் அசையாது; தன் அஸ்திவாரத்தில் தனியே அமிழும். வளைகிறதும் வளையாததும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டால் இணைப்பில் பிளவு உண்டாகும். அதைச் சொன்னேன். பிறகு பாறைத் தோட்டத்தில் என் மனத்தில் பட்டதையும் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பாணியைக் கொண்டுவந்தபோது எதை எடுத்தார் என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "ஒன்றையும் எடுக்கவில்லை" என்றான்.

"நாலந்தாவில்?"

"அங்கே எடுக்க ஒன்றும் இல்லை; புதிதாகக் கட்டினது." சற்று நின்று, "ஆனால் வாடகை விஷயம்?" என்றான்.

அது நியாயமான கேள்விதான். சிங்கப் பாதத்தினிடம் அதற்கு விடை இல்லை.

மாலையில் கண்டலமை ஏரிக்கரையிலுள்ள விடுதியை வெளியிலிருந்து பார்த்து வந்தோம். ஜெப்ரி பாவா என்னும் புகழ்பெற்ற இலங்கைக் கட்டடக் கலைஞர் அமைத்தது, 1994இல் திறக்கப்பட்டது. முதலில் அவருக்குக் காட்டிய மனை சீகிரியாவின் அடிவாரத்திலேயே இருந்ததாம். அதை மறுத்து, ஏரிக்கு அப்பால், பாறையைத் தொலைவிலிருந்து காணும்படியான இடத்தைத் தேர்ந்தார். விடுதி ஒரு குன்றை அணைத்தபடி நீண்டு கிடக்கிறது. அதன் முகப்பு எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொடிகள் படர்ந்து கட்டடத்தையே மறைத்துவிட்டன. "முகப்பே இல்லாத விடுதிக்கு இவ்வளவு வாடகையா!" என்று அண்ணன் மகன் வியந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் வரைபடம் உடனே மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதம் இழுபறி. ஒருநாள் அவனை வைசியாள் வீதிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், 2002க்கும் 2004க்கும் இடையில், நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தன. திண்ணை, தாழ்வாரம், மாடித் தூண்கள் எல்லாம் தம்தம் இடத்திலேயே நிற்கின்றன. அவ்வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வெள்ளைக்காரப் பயணிகள் இருவர் திண்ணையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் அவர்களையே உற்றுப் பார்த்தான். நான் ஆயிரம் வார்த்தை பேசியிருந்தாலும் அந்த இருவர் செய்த உபகாரத்தைச் செய்திருக்க முடியாது.

திரும்பும் வழியில் கடற்கரையோரம் மேரி கட்டடத்தைத் தாண்டி வந்தோம். 19ஆம் நூற்றாண்டு நகர மண்டபமான அது, 2014 நவம்பர் 29ஆம் தேதி அடைமழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது. பழையதைப் பார்த்த கண்ணுக்கு அதில் பழைய முகம் தெரிகிறது. பழைய உடம்பு இல்லை.

இப்போது வேலை நடக்கிறது. வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் தம் பேரனுடன் வருகிறார். நான் பூசச் சொன்ன சிமெண்டை உளியால் தட்டித் தட்டி எடுக்கவே மூன்று வாரமாயிற்று. ஒவ்வொரு பாளம் விழும்போதும் அவர் என்னை ஒருமுறை பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சுவர் உலர்வதற்காக ஒரு மாதம் வெறுமனே விட்டோம். கொல்லைப்புறக் குழியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீறிக்கொண்டிருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறும் தொட்டியின் வாடை அடுக்களைவரை வருகிறது. மாடி வளைவின் விரிசலைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்துவிட்டார். உதிர்ந்துபோன குட்டித் தூண்களுக்கு, மீந்திருந்த ஒன்றைப் பார்த்து மர அச்சுச் செய்து புதியன வார்த்திருக்கிறார். பிரெஞ்சு மாடியை அவர் "கொள்ளுத்தாத்தா மாடி" என்றுதான் குறிப்பிடுகிறார்.

மாடியின் இரண்டு அறைகள் விருந்தாளிகளுக்கு என்று தீர்மானமாயிற்று. மோட்டார் வண்டிக்குப் பின்சந்தில் இடம். பெயர்ப்பலகை பிரெஞ்சிலா தமிழிலா என்பதும், மாடிக்குக் கடுகுமஞ்சளா வெள்ளையா என்பதும் இன்னும் வழக்கில்தான் உள்ளன. மஞ்சளுக்கு அண்ணன் மகன், வெள்ளைக்கு நான். நீதிபதி இந்த விஷயங்களில் அக்கறை காட்டவில்லை. தினமும் மாலையில் வாசற்படியில் நின்று, சாக்கு போர்த்திய ஈரத் திண்ணையைப் பார்த்து, "எப்போதடா உட்காரலாம்?" என்று கொத்தனாரைக் கேட்கிறார்.

"இன்னும் இருபது நாள் ஆகட்டும் அம்மா" என்கிறார் அவர். போன வாரமும் இருபது நாள் என்றுதான் சொன்னார்.